லசிக்ஸ் போடுறவருக்குக் கெண்டைக்கால் இழுக்குது: செவ்விளநீர் குடுக்கலாமோ?

கனகபுரத்தான்:
அப்பாவுக்கு 68 வயது, இதயம் பலவீனம். கிளினிக்கில சலத்தைக் கூட்டுற குளிசை புரூசமைட் (லசிக்ஸ்) 40 மில்லிகிராம் ரெண்டு நேரமும், ஸ்பைரோனோலக்டோன் 25, லொசார்ட்டன் 50 நாளுக்கு ஒரு நேரமும் எழுதியிருக்கினம். கால் வீக்கம் வடிஞ்சிட்டுது. ஆனா இப்ப எழும்பேக்க தலை சுத்துது, இரவில நாலு தரம் சலத்துக்குப் போறார், விடியப்புறம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது. ரெண்டாவது லசிக்ஸை இரவு 8 மணிக்குக் குடுக்கிறம். பொட்டாசியம் குறைஞ்சிருக்கும், செவ்விளநீர் குடு எண்டு அயலில சொல்லினம். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்கு.

தாதி_மாங்குளம்:
தம்பி, முதல்ல அந்த 8 மணியை மாத்துங்கோ. லசிக்ஸ் போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள்ள வேலை தொடங்கும், ஆறு மணித்தியாலம் மட்டில நிக்கும். அப்ப சாமம் 2 மணி வரைக்கும் அவரைப் படுக்க விடாது. ரெண்டு நேரம் எண்டா பன்னிரண்டு மணித்தியால இடைவெளி எண்டில்லை. காலமை 8, பின்னேரம் 2 எண்டு குடுத்தால் சரி. பஸ்ஸில தூரம் போற நாளில காலைக் குளிசையைச் சில மணித்தியாலம் பிந்திப் போடலாம், விடக்கூடாது. கக்கூஸ் வளவுக்க தள்ளி இருந்தால் கட்டிலடியில சலப்போத்தல் வையுங்கோ. தலைச்சுத்தோட இருட்டில நடந்து விழுந்து இடுப்பெலும்பு முறியிறதுதான் பெரிய பயம்.

தலைச்சுத்துக்கு: அஞ்சு நிமிசம் படுக்க வைச்சு பிறசர் பாருங்கோ, பிறகு எழும்பி நிண்டு 1 நிமிசத்திலயும் 3 நிமிசத்திலயும் பாருங்கோ. மேல் எண் 20 அல்லது அதுக்கு மேல இறங்கினால் உடம்பு கூட வத்தியிருக்கலாம். கிளினிக் வரைக்கும் காத்திருக்காமல் டொக்டரிட்டக் காட்டுங்கோ. நீங்களாக் குளிசையை நிப்பாட்டினால் தண்ணி நெஞ்சில திரும்பக் கோர்க்கும்.

மருந்தாளர்_வவுனியா:
இளநீர் இப்ப வேண்டாம். லசிக்ஸ் பொட்டாசியத்தைச் சலத்தோட வெளியேத்தும். ஸ்பைரோனோலக்டோனும் லொசார்ட்டனும் அதை உடம்புக்குள்ள பிடிச்சு வைக்கும். மூண்டும் சேர்ந்தால் எந்தப் பக்கம் சாயுதெண்டு கெண்டைக்காலைப் பார்த்துச் சொல்லேலாது. பொட்டாசியம் கூடினாலும் தசை பலவீனம் வரும், அதைவிட இதயத் துடிப்பு குழம்பும். உடம்பில தண்ணி வத்துறது, சோடியம், மக்னீசியம் குறையிறது எதாலயும் கால் இழுக்கும். அதால இந்தக் கிழமையே இரத்தத்தில பொட்டாசியம், சோடியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுதெண்டு காட்டுறது) மூண்டையும் பாருங்கோ. பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை வழமை. 5.5 தாண்டினால் டொக்டர் ஸ்பைரோனோலக்டோனைக் குறைப்பார், 6க்கு மேல எண்டால் அண்டைக்கே ஆஸ்பத்திரி. சோடியம் குறைஞ்ச உப்பெண்டு விக்கிறதுகளில பொட்டாசியம் குளோரைட் கலந்திருக்கும், அதையும் வாங்காதீங்கோ. இழுக்கிற நேரம் முழங்காலை நீட்டி, பாதத்தின்ர பெருவிரல் பக்கத்தை முகம் பார்க்க மடக்கிப் பிடிச்சால் விடும்.

இன்னொண்டு. கால் நோவுக்கெண்டு பாமசியில டைக்குளோபினக், இபுபுறுபன் வாங்கிக் குடுக்காதீங்கோ. லசிக்ஸின்ர வேலையைக் குறைச்சு, லொசார்ட்டனோட சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். பனடோல் போதும். நெருஞ்சில் கசாயமும் சலத்தைக் கூட்டுறதெண்டுதான் குடிக்கிறவை, இந்தக் குளிசைகளுக்கு மேல வேண்டாம். காதுக்குள்ள இரைஞ்சாலோ, பெருவிரல் மூட்டுச் சிவந்து வீங்கினாலோ, மார்பு வீங்கி நொந்தாலோ சொல்லுங்கோ. முதல் ரெண்டும் லசிக்ஸால வரலாம், மூண்டாவது ஸ்பைரோனோலக்டோனால, அதுக்கு மாற்று மருந்து இருக்கு.

கனகபுரத்தான்:
நன்றி. அக்கா, தண்ணி எவ்வளவு குடுக்கிறது? வெய்யில் கொளுத்துது. கருவாடும் விடமாட்டார்.

தாதி_மாங்குளம்:
அளவு டொக்டர் சொன்னதுதான். கிளினிக் கொப்பியில எழுதி வாங்குங்கோ. ஒன்றரை லீற்றர் எண்டால் காலமை ஒரு போத்தலில அளந்து வைச்சு, தேத்தண்ணி, கஞ்சி, சொதி எல்லாத்தையும் அதில கழியுங்கோ. கருவாடும் ஊறுகாயும் நிக்கவேணும். அந்த உப்புத்தான் தாகத்தைக் கூட்டி வீக்கத்தையும் திரும்பக் கொண்டு வரும். முழு நாளுக்கும் ஒரு சின்னத் தேக்கரண்டி உப்புக்கு மேல போகக்கூடாது.

சத்தி, வயித்தோட்டம் வந்தால் அண்டைக்கே டொக்டரைக் கேளுங்கோ. உடம்பு வத்தேக்க இந்த மூண்டு குளிசையும் சிறுநீரகத்தைத் தாக்கும். தேறும்வரைக்கும் நிப்பாட்டச் சொல்லுவினம்.

நிறையை ஒவ்வொரு நாளும் காலமை சலம் போன பிறகு, சாப்பிட முன்னம், ஒரே சாரத்தோட பாருங்கோ. மண் நிலத்திலயும் பாயிலயும் தராசு பிழை காட்டும். சீமெந்துத் தரையில வையுங்கோ. மூண்டு நாளில 2 கிலோ ஏறினால் தண்ணி சேருது. தலைச்சுத்தோட 2 கிலோ இறங்கினால் கூட வத்துது. ரெண்டுக்கும் டொக்டரிட்டப் போங்கோ. மூச்சு முட்டினால், மயங்கினால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.