குளிர்காப்பியில் 30 கிராம் புரதம் இருந்தால் அது காலை உணவாகிவிடுமா?

வைகைக்கரை:
2025 செப்டம்பர் இறுதியில் ஸ்டார்பக்ஸ் தன் அமெரிக்கக் கடைகளில் கொண்டுவந்த புரத லாட்டேயை, அதாவது புரதம் சேர்த்த பால் காப்பியை, வெறும் விளம்பரத் தந்திரம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். 2 விழுக்காடு கொழுப்புள்ள பாலில் பாலிலிருந்து பிரித்தெடுக்கும் ‘வே’ எனும் புரதத்தின் சுவை சேர்க்காத பொடியைக் கலந்து தயாரிக்கும் இந்தப் பானத்தில், 16 அவுன்ஸ் கொண்ட கிராண்டே அளவுக்கு 27 முதல் 36 கிராம் வரை புரதம் கிடைப்பதாக நிறுவனம் சொல்கிறது. ஒரு முட்டைக்கு 6 கிராம் என்று வைத்துக்கொண்டால், இது ஐந்தாறு முட்டைகளின் புரதம். காலையில் எதுவும் உண்ணாமல் வேலைக்கு ஓடுபவருக்கு இதில் என்ன கெடுதல் நேர்ந்துவிடப் போகிறது?

கடுங்காப்பி:
இல்லாத குறைக்கு மருந்து விற்கிறார்கள் என்பதுதான் என் எதிர்ப்பு. அமெரிக்கப் பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், அதாவது 70 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 56 கிராம் புரதம் போதும்; சராசரி அமெரிக்கர் அதைவிடக் கூடுதலாகவே உண்கிறார். அவர் தட்டில் உண்மையில் குறைவது நார்ச்சத்து. இந்தக் கோப்பையிலோ அது இல்லவே இல்லை. சர்க்கரைக் கணக்கையும் பாருங்கள். கிராண்டே லாட்டேக்கு வழக்கமாக ஊற்றும் நான்கு பம்ப் வெனிலா பாகில் மட்டும் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை உண்டு. சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. சர்க்கரையற்ற பாகு இருக்கிறதே என்பீர்கள். உடல் எடையைக் கட்டுப்படுத்த மாற்று இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியிருக்கிறது.

வைகைக்கரை:
0.8 கிராம் என்பது குறைபாடு வராமல் காக்கும் அளவேயன்றி, எல்லோருக்கும் உகந்த அளவு அன்று. முதியோருக்குத் தசை கரையாமலிருக்க 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013இல் வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. எடை குறைக்க செமாக்ளூடைட் எனும் மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டு பசியே எடுக்காமல் இருப்பவர்களையும் எண்ணிப் பாருங்கள். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்தே குறைகிறது. நான்கு வாய் உணவே இறங்கும் அவர்களுக்கு, தசை வளர்ச்சியைத் தூண்டும் லூசின் எனும் அமினோ அமிலம் மிகுந்த வே புரதம் குடிக்கும் வடிவில் கிடைப்பது சிறிய உதவியன்று. சர்க்கரையைப் பற்றி நீங்கள் சொன்னது பாகின் குற்றம்; பாகு வேண்டாம் என்று சொல்லி வாங்க யாருக்கும் தடையில்லை.

கடுங்காப்பி:
சொல்லலாம், சொல்பவர் எத்தனை பேர்? அந்த முதியவருக்குத் தேவை புரதம் என்றால், பாலில் அதே பொடியைக் கலக்கிக் குடித்தால் போயிற்று; நடுவில் காப்பி எதற்கு? உடற்பயிற்சி இல்லாமல் புரதத்தை மட்டும் கூட்டினால் தசை பெரிதாக வளர்வதுமில்லை. திட உணவு தரும் நிறைவைப் பானம் தராததால், பதினொரு மணிக்கு மீண்டும் பசித்து எதையாவது கொறிப்பார்கள். அப்போது இது காலை உணவுக்கு மாற்றாக இல்லாமல் கூடுதல் கலோரியாகிவிடும்.

எடைக்கல்:
இருவரும் கஃபீனை விட்டுவிட்டீர்கள். கிராண்டே லாட்டேயில் இரண்டு ஷாட் எஸ்பிரெசோ, சுமார் 150 மி.கி. கஃபீன். நலமுள்ள பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மி.கி., கர்ப்பிணிகளுக்கு 200 மி.கி. வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் மதிப்பிட்டது. ஆகவே புரதத்துக்காக மாலையில் இரண்டாவது கோப்பை வாங்கும் கர்ப்பிணி, 300 மி.கி. கஃபீனைச் சேர்த்தே விழுங்குகிறார். தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் காப்பி குறைக்கும் என்பதால், இரத்தச்சோகை உள்ளவர்கள் இதை உணவோடு அருந்தாமல் இடைவெளி விடுவது நல்லது.

வைகைக்கரை:
கர்ப்பிணிகள் பற்றிய எச்சரிக்கையை ஏற்கிறேன். ஆயினும் அது எல்லாக் காப்பிக்கும் பொருந்துவது. புரதம் சேர்த்ததால் வந்த குறை அன்று.

எடைக்கல்:
புரதத்தால் வரும் குறையும் உண்டு. நாட்பட்ட சிறுநீரக நோய் முற்றியவர்களுக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் அளவிலேயே புரதத்தை வைத்திருக்கச் சொல்கிறது பன்னாட்டுச் சிறுநீரக நல அமைப்பான கேடிகோவின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி. 60 கிலோ எடையுள்ள அத்தகைய நோயாளிக்கு ஒரு நாளுக்கு 48 கிராம். 36 கிராம் கொண்ட ஒரே கோப்பையில் முக்கால் பங்கு தீர்ந்துவிடுகிறது. தொடக்க நிலையில் இந்நோய் அறிகுறி காட்டாது என்பதால், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் இதை அன்றாட வழக்கமாக்கும் முன் சிறுநீரகம் செயல்படும் விதத்தைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.