ஒரே ஏரி, மூன்று வெளிச்சம்: டிரோன் கேமராவில் எந்த அமைப்பை எப்போது வைப்பது?

கேள்வி

வணக்கம். டிரோன் வாங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் ஒரே ஏரியைப் பனிமூட்டம் கலையாத அதிகாலையிலும், உச்சி வெயிலிலும், மழைமேகம் திரண்ட மாலையிலும் படமெடுத்தேன். மூன்றும் மூன்று விதமாகக் கெட்டுப்போய்விட்டன.

அதிகாலைக் காட்சியில் பனி வெண்மையாக இல்லாமல், அழுக்கேறிய துணிபோல் சாம்பல் நிறத்தில் தெரிகிறது. நண்பகலில் டிரோனைக் கரையிலிருந்து நீர்ப்பரப்பை நோக்கித் திருப்பிய ஒவ்வொரு முறையும் காட்சி சட்டென இருண்டு, கரைக்குத் திரும்பியதும் மீண்டும் வெளுக்கிறது. தாழப் பறந்த இடத்தில் நாணல்கள் இயல்பாக அசையாமல் வெட்டி வெட்டி நகர்கின்றன. சூரியன் எதிரே இருந்தபோது படத்தின் மேல்பகுதியில் மெல்லிய கருங்கோடுகள் ஓடுகின்றன. மாலைக் காட்சி முழுவதும் புள்ளி புள்ளியாக இருப்பதோடு, ஒரே ஷாட்டின் நடுவே நிறம் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறிவிடுகிறது.

அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப் 2.8, அதை மாற்ற இயலாது. நொடிக்கு 25 பிரேம். காலையிலும் நண்பகலிலும் எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டிருந்தேன். நண்பகல் ஷட்டர் (ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/3200 நொடி என்று பதிவாகியிருக்கிறது. மாலையில் மட்டும் ஷட்டரை 1/50-இல் நிறுத்தி, ஒளியைக் குறைக்கும் என்.டி. 64 ஃபில்டரை மாட்டினேன். ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 1600-க்கு ஏறிவிட்டது. எங்கே தவறினேன் என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

நண்பரே, நீங்கள் எண்களைக் குறித்துவைத்திருந்ததால்தான் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது.

நல்ல வெயிலில் எஃப் 16, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் ஏறத்தாழ 1/100 நொடி என்பது ஃபிலிம் காலத்திலிருந்தே வழங்கிவரும் கணக்கு. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்; எஃப் 2.8 அதைவிட ஐந்து படி அகலமானது (ஒரு படி என்றால் இருமடங்கு வெளிச்சம்). ஒவ்வொரு படிக்கும் ஷட்டர் நேரத்தைப் பாதியாக்கிக்கொண்டே வந்தால் 1/3200-இல் நிற்கும். ஆகவே உங்கள் கேமரா வெளிச்சத்தைச் சரியாகத்தான் அளந்திருக்கிறது. ஆனால் அத்தனை வேகமான ஷட்டரில் ஒவ்வொரு பிரேமும் உறைந்த படமாகிவிடுவதால், பிரேமுக்குப் பிரேம் கண்ணை இணைத்துச் செல்லும் மங்கல் இல்லாமல் போகிறது. நாணல்கள் வெட்டி வெட்டி நகர்வதற்குக் காரணம் அதுவே. 25 பிரேமுக்கு அதன் இருமடங்கான 1/50 ஷட்டர் பொருத்தம். 1/3200-இலிருந்து 1/50-க்கு ஆறு படிகள், என்.டி. 64 குறைப்பதும் சரியாக ஆறு படிகளே. அதாவது, மாலையில் நீங்கள் மாட்டிய ஃபில்டர் நண்பகலுக்கு உரியது.

மாலையில் நடந்ததும் இதே கணக்குதான். அடர்ந்த மேகத்தின் கீழ் வெளிச்சம் வெயிலைவிட நான்கு படி குறைந்திருந்ததால், அந்த நான்கு படிகளை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ. 100-இலிருந்து 1600 வரை ஏற வேண்டியதாயிற்று. சிறிய சென்சாரில் அந்த அளவில் புள்ளிகள் வருவது இயல்பு. அந்த வேளைக்கு என்.டி. 4 போதும், இன்னும் இருட்டினால் ஃபில்டரையே கழற்றிவிடலாம். லேசான மேகத்துக்கு என்.டி. 8 அல்லது 16 சரியாக இருக்கும். ஃபில்டரை டிரோனை இயக்குவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள். கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் நிலைகொண்டபின் கையால் அழுத்தினால் அதன் மோட்டாருக்கு நல்லதல்ல.

திருப்பும்போது காட்சி இருண்டு வெளுப்பது ஆட்டோ எக்ஸ்போஷரின் (படத்தின் வெளிச்ச அளவைக் கேமராவே தீர்மானிப்பது) வேலை. மேனுவலுக்கு மாறி, ஷாட்டில் வரப்போகும் மிகப் பிரகாசமான பகுதியை, உங்கள் இடத்தில் வானம் பளபளக்கும் நீரை, முதலில் பாருங்கள். ஹிஸ்டோகிராம் (இடப்புறம் இருளும் வலப்புறம் வெளிச்சமுமாகப் படத்தைக் காட்டும் வரைபடம்) வலது விளிம்பில் முட்டாத அளவில் எக்ஸ்போஷரை நிறுத்திவிட்டுப் பிறகு பதிவைத் தொடங்குங்கள். நிழலில் இருண்ட இடத்தை எடிட்டிங்கில் ஓரளவு தூக்கிவிடலாம். வெளுத்து அழிந்த வானத்தை மீட்கவே முடியாது. ஷாட்டின் நடுவே நிறம் மாறாமலிருக்க ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) பூட்டுங்கள்: வெயிலுக்கு 5500 கெல்வின், மேகத்துக்கு 6500 கெல்வின் அளவில். அந்தி வானத்தில் ஆட்டோவை நம்பவே வேண்டாம்; நீங்கள் எடுக்க வந்த செம்மையையே அது பிழை என்று நினைத்து நீக்கிவிடும்.

கருங்கோடுகள் லென்ஸின் மேல் விழும் இறக்கைகளின் நிழல். கேமராவைச் சில பாகை கீழே சாய்த்தாலோ சூரியனிலிருந்து சற்றுத் திருப்பினாலோ அவை மறையும். 1/50-க்கு வந்ததும் பெரும்பாலும் தாமாகவே மங்கிவிடும்.

பதில் 2

முந்தைய பதிலில் ஒன்றை மட்டும் சற்றுத் தளர்த்திச் சொல்ல விரும்புகிறேன். இருமடங்கு ஷட்டர் என்பது தாழப் பறக்கும்போதும், பொருள்கள் திரையில் வேகமாகக் கடக்கும்போதும் மிக முக்கியம். 100 மீட்டர் உயரத்திலிருந்து மெதுவாக நகரும் பரந்த நிலக்காட்சியில் 1/200 வைத்தாலும் வேறுபாடு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. புகைப்படத்துக்கோ பொதுவாக என்.டி. தேவையே இல்லை, ரா வடிவில் (கேமரா மெருகேற்றாத மூலக்கோப்பு) எடுத்து, வானத்துக்கும் தரைக்கும் வெளிச்ச வேறுபாடு பெரிதாக இருந்தால் வெவ்வேறு எக்ஸ்போஷரில் மூன்று அல்லது ஐந்து படங்களை அடுக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

பனிமூட்டத்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கருதும். திரை முழுவதும் வெண்பனியாக இருந்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். ஆகவே எக்ஸ்போஷர் ஈட்டை (கேமரா கணித்த வெளிச்ச அளவைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) +0.7 அளவுக்கு உயர்த்துங்கள்; ஹிஸ்டோகிராமில் பனியின் மேடு நடுவுக்குச் சற்று வலப்புறம் அமர்ந்தால் வெண்மை திரும்பிவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். குளிர்ந்த அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு டிரோனை எடுத்துவந்தவுடன் பறக்கவிட்டால், லென்ஸின் மீதும், ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவிலும் ஆவி படியும். சிறு திரையில் அது தெரியாது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் படத்தின் நடுவில் பால் தெளித்ததுபோல் ஒரு வட்டம் தெரியும். ஒரு காலைப் பொழுது முழுவதையும் நான் அப்படி இழந்திருக்கிறேன். கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு கிளப்புங்கள். பனிக்குள் நுழையவும் வேண்டாம்: தடை உணரும் கேமராக்கள் அங்கே பயன்படா, டிரோனும் உங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பனிக்கு மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ எடுத்தாலே அது அழகாக விழும்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி, ஐயா. இன்று நண்பகலில் என்.டி. 64, 1/50, ஐ.எஸ்.ஓ. 100, 5500 கெல்வின் என்று பூட்டி எடுத்தேன். நாணல்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன; கோடுகளும் இல்லை. ஆனால் பாதி ஷாட்டில் ஒரு மேகம் சூரியனை மறைத்ததும் காட்சி மொத்தமும் இருண்டுவிட்டது. மேகம் வந்து வந்து போகும் நாளில் ஆட்டோவுக்கே திரும்ப வேண்டுமா?

பதில் 1

வேண்டாம். அப்படிப்பட்ட நாளில் வானத்தைப் பார்த்து, மேகம் நகரும் வேகத்தைக் கணித்து, வெயில் நிலைக்கும் இடைவெளிக்குள் முடியுமாறு இருபது நொடி ஷாட்டுகளாகத் திட்டமிடுங்கள். நடுவில் மேகம் மறைத்தால் அமைப்பைத் தொடாமல் பதிவை முடித்துக்கொண்டு, அதே இடத்தில் காத்திருங்கள். மேகம் நெடுநேரம் நிற்கும் என்று தோன்றினால் இறக்கி, என்.டி. 16-க்கு மாற்றி, மேக வெளிச்சத்துக்கு என்று தனியாக ஒரு தொகுப்பு எடுங்கள்; அன்றைய மற்றக் காட்சிகளோடு அதை ஒரே வரிசையில் கலக்காதீர்கள்.