முனிடி சுரங்கத்து மீத்தேன்: நீர்க்கச் செய்து வெளியே விடுவதா, முன்பே உறிஞ்சி எடுப்பதா?

தாமோதரன்:
ஜார்க்கண்டின் ஜரியா நிலக்கரிப் படுகையில் உள்ள முனிடி போன்ற ஆழமான சுரங்கங்களில், நிலக்கரியை வெட்டும் முன்பே துளையிட்டு, அதில் அடைந்திருக்கும் மீத்தேன் வாயுவை எடுத்துவிட வேண்டும் என்கிறேன். இப்போது பெரிய விசிறிகளால் காற்றோட்டி, வாயுவை நீர்க்கச் செய்து வானத்தில் விடுகிறோம். இருபது ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் 80 டன்னுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்கும். மின்சாரம் தரக்கூடிய பொருளை இப்படி வீணாக்குவது அநியாயம்.

செங்கோடன்:
அந்த விசிறிதான் ஐயா உயிரைக் காப்பாற்றுகிறது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் இருந்தால் வெடிக்க ஒரு பொறி போதும். அதனால்தான், வேலை நடக்கும் பகுதியிலிருந்து திரும்பும் காற்றில் 0.75 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. 1.25ஐத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டித்து ஆட்களை வெளியேற்ற வேண்டும். 2006 செப்டம்பரில் தன்பாத் அருகே பாட்டடி சுரங்க வெடிப்பில் குறைந்தது 50 பேர் மாண்டார்கள். காற்றோட்டத்துக்கான பணத்தில் கை வைக்காதீர்கள்.

தாமோதரன்:
விசிறியை நிறுத்தச் சொல்லவில்லை. வெட்டும் ஒரு டன் நிலக்கரிக்கு 10 கன மீட்டருக்கு மேல் வாயு விடும் சுரங்கங்களே மூன்றாம் நிலை, அதாவது வாயு மிகுந்தவை. முனிடி அந்த வகை. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு அங்கேயே வாயுவை எடுத்து மின்சாரமும் உற்பத்தி செய்து காட்டினார்கள். போலந்தின் ப்னியூவெக் சுரங்கத்தில், உறிஞ்சிய மீத்தேனால் எந்திரங்களை ஓட்டி, அவற்றின் வெப்பத்தால் இயங்கும் குளிர்விப்பான்களைக் கொண்டு நீரைக் குளிர்வித்து, ஆழத்தில் வேலை செய்பவர்களின் புழுக்கத்தைத் தணிக்கிறார்கள். அதே வாயு ஆளையும் கொல்லும், ஆளுக்கும் உதவும்.

செங்கோடன்:
ப்னியூவெக்கில் 2022 ஏப்ரலில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். வாயு உறிஞ்சும் ஏற்பாடு இருந்தும் மீத்தேன் வெடித்து உயிர்கள் போயின. ஜரியாவின் நிலக்கரி அடுக்குகளில் வாயு எளிதில் நகராது. துளையிட்டுவிட்டு நீண்டகாலம் காத்திருக்க வேண்டும். உற்பத்தி இலக்கு அதுவரை காத்திருக்குமா?

கயல்விழி:
உருக்கு ஆலைகளுக்கு ஜரியாவின் கோக்கிங் நிலக்கரி தேவை. ஆகவே ஆழத்துக்குப் போகத்தான் போகிறார்கள், ஆழம் கூடினால் பொதுவாக வாயுவும் கூடும். பிறகு எடுப்பதைவிட இப்போதே துளையிடத் தொடங்குவதுதான் முறை. நீர்த்த வாயுவும் உபயோகமற்றதல்ல. ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் கிளிஃப் சுரங்கத்தில் 2007 முதல் ஏறத்தாழ 0.9 சதவீத மீத்தேன் கொண்ட காற்றிலிருந்தே மின்சாரம் எடுத்தார்கள். மூடிய சுரங்கங்களையும் இருவரும் மறந்துவிட்டீர்கள். அங்கே விசிறி நின்றுவிடும். தண்ணீர் நிரம்பும்வரை வாயு விரிசல்கள் வழியே கசிந்துகொண்டே இருக்கும்.

செங்கோடன்:
துளையிடுவதை நான் எதிர்க்கவில்லை அம்மா. வாயு குறைந்துவிட்டது என்று சொல்லி வெட்டும் வேகத்தைக் கூட்டுவார்கள், காற்றின் அளவைக் குறைப்பார்கள் என்பதே என் அச்சம். துளையிட்ட பிறகும் விசிறி செலுத்தும் காற்றில் ஒரு கன மீட்டர்கூடக் குறையாது என்று நிர்வாகம் எழுதிக் கொடுக்கட்டும். முதல் ஆதரவுக் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.