ஜூரி டியூட்டிக்குப் போய் வீட்டுக் கதை சொன்னவர்கள் இருக்கிறீர்களா?

செண்பகம் (பே ஏரியா)

அமெரிக்க சிட்டிசன்ஷிப் வாங்கி நாலாவது வருஷம், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு வரச் சொல்லிக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அதுவரை ஜூரி டியூட்டி என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆபீஸ் புலம்பல்தான். பார்க்கிங் கிடைக்காது, கலிஃபோர்னியாவில் முதல் நாளுக்கு ஒரு சென்ட் கிடையாது, இரண்டாம் நாளிலிருந்து 15 டாலர். ஜூரிக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் கேள்வி கேட்பார்கள் என்று தெரியும். என்ன மாதிரிக் கேள்வி என்று யாரும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள். எந்தக் கோர்ட் என்பதெல்லாம் வேண்டாம்.

அறுபது பேரை மேலே அனுப்பினார்கள். ஜூரி பாக்ஸிலும் அதற்கு முன் வரிசையிலும் 18 பேர், நான் 14வது நாற்காலி. லேமினேட் செய்த ஒரு தாளும் மைக்கும் கைமாறி வந்துகொண்டிருந்தன. தாளின் ஓரத்தை யார் யாரோ நகத்தால் நோண்டி, பிளாஸ்டிக் பிரிந்திருந்தது. எந்த ஏரியா, என்ன வேலை, கணவருக்கு என்ன வேலை, வளர்ந்த பிள்ளைகள் என்ன செய்கிறார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் எதிர் சீட்டுக்காரர் இதைவிட அதிகம் கேட்பார். ஏழாவது கேள்வியில்தான் வயிறு கலங்கியது. நீங்களோ உங்களுக்கு நெருங்கியவர்களோ குற்றத்தால் பாதிக்கப்பட்டதுண்டா?

வழக்கு, வீட்டில் பெண்ணை அடித்தது. அந்த ஆள் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை, பாக்கெட்டில் மடித்த கோடுகூட இன்னும் போகவில்லை. எனக்கு முன் மைக் பிடித்த பெண், முதல் கணவர் தன் மணிக்கட்டை உடைத்ததை ஏதோ காய்கறி விலை சொல்வது மாதிரிச் சொன்னார். அந்த ஆள் உட்பட எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

என் அக்கா விஷயம் எனக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். மாமியாருக்குக்கூடத் தெரியாது. அக்கா இங்கேதான், முப்பது மைலில் இருக்கிறாள். எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மீதி 42 பேரில் ஒருவர் என் பையனின் தமிழ்ப் பள்ளி டீச்சர். காலையில் என்னைப் பார்த்து "நீங்களுமா!" என்று சிரித்துக் காபி வாங்கிக் கொடுத்தவர்.

உண்மையே சொல்வதாகக் கை தூக்கியாகிவிட்டது. மைக் வந்ததும், "இதைத் தனியாகச் சொல்லலாமா?" என்று கேட்டேன். ஜட்ஜ், "தாராளமாக" என்றார். மற்ற எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

தனியாக என்றால் தனியாக என்று நினைத்தது என் தப்பு. ஜட்ஜ், கிளார்க், பெய்லிஃப் (கோர்ட் காவலர்), டைப் அடிக்கிறவர், அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், அந்த ஆள். கடைசி பெஞ்சில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வயதான ஒரு அம்மாள். அவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அந்த ஆளின் அம்மா என்று கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. எந்த வருஷம், எத்தனை தடவை, அக்கா போலீசுக்குப் போனாளா, ஏன் போகவில்லை என்று எல்லாம் சொன்னேன். கடைசிக் கேள்வி எதிர்த்தரப்பு வக்கீலுடையது. மரியாதையாகத்தான் கேட்டார். அந்த அம்மாள் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தார். மொத்தம் நாலு நிமிஷம் இருக்கும். "ஜூரர் 14, நன்றி, நீங்கள் போகலாம்."

வெளியே டீச்சர் நின்றிருந்தார். "என்னங்க, உங்களை மட்டும் நிறுத்திட்டாங்க? என்ன கேட்டாங்க?" வேலை விஷயம் என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் கதையை அவளைக் கேட்காமல் எட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அது எங்கேயோ டைப் ஆகிக் கிடக்கிறது.

எடிசன் சுப்பு

இதுக்கு அடுத்து என் கதையைச் சொல்லவே கூச்சமா இருக்கு. 2019, நியூஜெர்சி, ஐஸில் வழுக்கி விழுந்தவர் கடைக்காரர் மேல் போட்ட வழக்கு. இங்கே அப்போ ஜட்ஜே ஒரு நீளமான கேள்வியை எல்லோரிடமும் கேட்பார். என்ன வேலை, ஓய்வு நேரத்தில் என்ன பண்ணுவீங்க, டிவியில் என்ன பார்ப்பீங்க, காரில் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க. அரசியல் வேட்பாளர் ஸ்டிக்கர் தவிர மற்றது மட்டும் சொன்னால் போதும். அந்த அளவுக்குக் கண்ணியம்!

என் காரில் வேல் இருக்கு. அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? "ஸ்பியர்" என்றேன். "ஆயுதமா?" என்றார் ஜட்ஜ். "இல்லை யுவர் ஆனர், கடவுளுடையது." எல்லோரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வர்ற வழியில்தான் தோணிச்சு, என் மதம் என்னன்னு யாரும் கேட்கலை, ஆனா நாற்பது பேருக்குச் சொல்லிட்டு வந்திருக்கேன். ஒரு நாளைக்கு 5 டாலர்னு செக் அனுப்பினாங்க. இன்னும் மாற்றலை.

பெயர் வேண்டாம்

எனக்குக் கேள்வி குறைவு, பார்வைதான் அதிகம். ஒரு கம்பெனி மேல் பழைய ஊழியர் போட்ட வழக்கு. சாப்பாட்டு இடைவேளையில் போனைத் திறந்தால் லிங்க்ட்இன் நோட்டிஃபிகேஷன், யாரோ என் ப்ரொஃபைலைப் பார்த்திருக்கிறார்கள். பெயரைத் தட்டினால் காலையில் எதிர் மேஜையில் இருந்த அதே வக்கீல் ஆபீஸ். மதியம் உட்கார்ந்ததும், "இங்கே யாராவது மேனேஜர்களுக்குப் பயிற்சி கொடுத்ததுண்டா?" என்று எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்கள். அறையில் அது நான் ஒருவன்தான். ப்ரொஃபைலில் மூன்றாவது வரி.

பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்க வக்கீல் சங்கம் 2014-ல் கொடுத்த கருத்துப்படி, ஜூரர் பொதுவில் போட்டிருப்பதை வக்கீல் பார்க்கலாம், நட்பு அழைப்பு அனுப்பக்கூடாது. லிங்க்ட்இன் தானாக அனுப்புகிற நோட்டிஃபிகேஷன், வக்கீல் நம்மோடு பேசியதாக ஆகாதாம். 2016-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆரக்கிள், கூகுள் வழக்கு நடந்தபோது நீதிபதி அல்சப், ஜூரர்களை இணையத்தில் தோண்டாமல் இருங்கள் என்று இரண்டு தரப்பையும் கேட்டுக்கொண்டார். அப்படி ஒரு நீதிபதி நமக்கு வாய்ப்பது அதிர்ஷ்டம்.

2024 ஏப்ரலில் நியூயார்க்கில் டிரம்ப் வழக்கும் ஞாபகம் இருக்கும். 42 கேள்விகள், பேர் வெளியே வராது என்றார்கள். ஆனால் பதில்கள் பேப்பரில் வந்தன. தேர்வான ஒருவர் இரண்டு நாளில் திரும்பி வந்து, நண்பர்களும் குடும்பத்தாரும் கண்டுபிடித்துவிட்டார்கள், என்னை விடுங்கள் என்றார். அதற்குப் பிறகுதான், எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதை எழுத வேண்டாம் என்று நீதிபதி பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். என்ன வேலை, எந்த ஏரியா, எந்த ஊரில் பிறந்தவர். நம் ஆட்களுக்கு இந்த மூன்றே போதாதா?

டல்லாஸ் மாமா

செண்பகம், நீ செய்தது சரிம்மா. என் பெண் லா படிக்கிறாள், அவளிடம் உன் கதையைப் படித்துக் காட்டினேன். தனியாகச் சொல்லலாமா என்று கேட்கும் வழியைச் சுப்ரீம் கோர்ட்டே 1984-ல் சொல்லியிருக்கிறதாம். கலிஃபோர்னியாவில் ரிவர்சைடில் ஒரு சிறுமி கொலை வழக்கு. ஜூரி தேர்வு ஆறு வாரம் நடந்தது, மூன்று நாள் தவிர மீதியெல்லாம் கதவை மூடிவைத்து. ஒரு பத்திரிகை வழக்குப் போட்டது. ஒட்டுமொத்தமாக மூடக்கூடாது, யாருக்காவது சொல்லக் கூச்சமான விஷயம் இருந்தால் அவரே கேட்கட்டும், வக்கீல்கள் இருக்க நீதிபதி தனியாகக் கேட்கலாம் என்று தீர்ப்பு. நாமே வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்பதுதான் இதில் வம்பு. சம்மனோடு வருகிற காகிதத்தில் பார்க்கிங் வரைபடம் இருக்கும், இது இருக்காது. என்னுடையதில் இல்லை.

அந்த அம்மாளை ஏன் வெளியே அனுப்பவில்லை என்றால், 2010-ல் ஜார்ஜியா வழக்கு ஒன்று. ஜூரி தேர்வின்போது குற்றம் சாட்டப்பட்டவரின் உறவுக்காரர் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டார்கள், அது தப்பு என்றது சுப்ரீம் கோர்ட். மாமாவா சித்தப்பாவா என்று தெரியவில்லை, இங்கிலீஷில் இரண்டும் ஒன்றுதானே.

எங்கள் பக்கத்துக் கவுண்ட்டி டென்டனில் 1994-ல் நடந்தது இன்னும் சுவாரசியம். மரண தண்டனை வழக்கு, நூற்றுக்கு மேல் கேள்வி உள்ள படிவம். ஒரு பெண்மணி அதில் 12 கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதவில்லை. மதம், வருமானம், கட்சி இந்த மாதிரி. வழக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். கோர்ட் அவமதிப்பு என்று 3 நாள் ஜெயில், 200 டாலர் அபராதம்! அடுத்த வருஷம் ஃபெடரல் கோர்ட் அவர் பக்கம் நின்றது. கேள்வி வழக்குக்குத் தேவையா என்று நீதிபதி முதலில் பார்த்திருக்க வேண்டும் என்றது. அதே 1994-ல் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கில் 294 கேள்வி. பிரபலங்களிடம் ஆட்டோகிராஃப் கேட்டதுண்டா என்பது வரை. அரசாங்கப் பரீட்சைக்குக்கூட இவ்வளவு கிடையாது.

இடையில் இருப்பவள்

நான் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஜூரி தேர்வின்போது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதில் சொல்வது என் வேலை. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். நீங்கள் எல்லோரும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

"நியாயமாக இருப்பீர்களா?" என்று கேட்டால் யாராவது மாட்டேன் என்பார்களா? கொலராடோவில் ஒரு வழக்கு, 2017-ல் சுப்ரீம் கோர்ட் வரை போனது. ஆரம்பத்தில் கேட்டபோது ஜூரிகள் எல்லோரும் நல்லபடியாகத்தான் பதில் சொன்னார்கள். கதவைச் சாத்திய பிறகு ஒருவர், இவன் மெக்சிகன், அதனால் செய்திருப்பான் என்று பேசியிருக்கிறார். தோண்டிக் கேட்டால்தான் இது வெளியே வரும். ஒரு தடவை ஒருவர் மைக்கில், "இவருடைய ஊர்க்காரர்கள் பெண்களை எப்படி நடத்துவார்கள் என்று எனக்குத் தெரியும்" என்றார். அதை நான் வார்த்தை மாறாமல் தமிழில் சொன்னேன். கேட்டவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜூரரை அனுப்பிவிட்டார்கள். கேள்வியே இல்லாவிட்டால் அவர் உள்ளே போய் உட்கார்ந்திருப்பார்.

செண்பகம், உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் மறைக்கவில்லை, இடம் மட்டும் மாற்றிக் கேட்டீர்கள்.

ஸ்கார்பரோ வாசி

இஞ்ச கனடாவில உப்பிடிக் குடும்பக் கதை எல்லாம் கேக்க மாட்டினம் எண்டு பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தனான். குற்றம் சாட்டப்பட்டவர் கறுப்பர் எண்டா, அதால உங்கட தீர்ப்பு மாறுமோ எண்டு ஒரு கேள்வி. ஓம் இல்லை எண்டு சொன்னாச் சரி. 1993-ல வந்த தீர்ப்பால வந்த கேள்வி அது.

ஆனா 2009-ல ஒன்ராறியோ தனியுரிமை ஆணையாளர் ஒரு அறிக்கை விட்டவா. ஜூரிப் பட்டியலில இருக்கிற ஆக்களின்ர பேரை அரசு வக்கீல்மார் பொலிஸிட்டக் குடுத்து விசாரிச்சிருக்கினம். 55 அலுவலகத்தில 18-ல, தேவைக்கு மிஞ்சின விவரம் வாங்கியிருக்கினம். ஆக்களுக்குத் தெரியாது. முகத்துக்கு நேர கேக்கிறது பரவாயில்லை அக்கா, நீங்கள் தனிய கதைக்கவேணும் எண்டாவது சொல்லலாம். கேக்காமப் பாக்கிறவனிட்ட என்னத்தைச் சொல்லுறது? பொலிஸ் எங்கட பேரைப் பதியிறது எண்டா என்னெண்டு சண்டைக் காலத்தில கொழும்பில லொட்ஜில இருந்த தமிழ் ஆக்களுக்கு விளங்கும். எனக்கு அறிக்கையைப் படிக்கேக்க கை குளிர்ந்தது.

குரோய்டன் ரவி

இங்கிலாந்தில் சீட்டு எடுத்துப் பேர் கூப்பிட்டார்கள். வழக்கில் யாரையாவது தெரியுமா என்றார்கள், தெரியாது என்றேன், உட்கார்ந்துவிட்டேன். என்ன வேலை என்றுகூட யாரும் கேட்கவில்லை. உள்ளே ஆலோசனை அறையில் பேசியதை வெளியே சொன்னால் இங்கே 2 வருஷம் வரை ஜெயில், அதனால் என் கதை இவ்வளவுதான்.

முதல் சம்மன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அடுத்த செவ்வாய். கலிஃபோர்னியாதான். நான் மூணு வருஷமா மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். வீட்டில் தெரியும், வெளியில் தெரியாது. கேட்பாங்களா? இல்லைன்னு சொல்லிட்டா?

செண்பகம்

இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் தம்பி, சத்தியத்தின் மேல் சொல்வது. வழக்குக்குச் சம்பந்தம் இல்லாவிட்டால் பெரும்பாலும் அந்தப் பேச்சே வராது. வந்தால், மைக் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே பெய்லிஃபிடம் ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் ஜூரர் நம்பரை எழுதி, தனியாகப் பேச வேண்டும் என்று கொடுங்கள். நான் மைக்கில் கேட்டதால்தான் டீச்சர் காது வரை போனது. படிவமாகக் கொடுத்தால் அந்தக் கேள்விக்கு எதிரே "தனியாக" என்று எழுதலாம். டைப் அடித்த பகுதியை மூடி வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். எனக்கு அப்போது தோன்றவில்லை. தீர்ப்புக்குப் பிறகு கிரிமினல் வழக்கு ஜூரர்களின் பேர், முகவரி, போன் நம்பரைக் கலிஃபோர்னியாவில் மூடி வைத்துவிடுவார்கள். ஆனால் நாம் வாயால் சொன்ன கதை வேறு.

எல்லோரும் எழுதியதைப் படித்த பிறகு, முந்தாநாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று பயந்தேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, "என் பேரைச் சொன்னியா?" என்றாள். இல்லை, அவர்கள் கேட்கவில்லை என்றேன். "அந்த அம்மா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த சப்பாத்தியை எடுத்தாள்.

முதல் சம்மன்

நன்றி அக்கா. சீட்டு எழுதி பர்ஸில் வச்சிருந்தேன். திங்கள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வெப்சைட்டில் பார்த்தால் என் குரூப்பைக் கூப்பிடலை. தினமும் பார்த்தேன், வெள்ளி வரைக்கும் கூப்பிடலை. இனி ஒரு வருஷத்துக்கு வராதாம். சீட்டைக் கிழிக்கலை, அப்படியே இருக்கு.