ஹாட்ஸ்டார் காலம்: நம்ம குமரி மாவட்டத்துக்காரங்க மறக்க முடியாத ஒண்ணு சொல்லுங்க

குளச்சல்காரன்
2019 ஜூலை 10. உலகக்கோப்பையில நியூசிலாந்துகூட அரையிறுதி, மழையில நின்னு மறுநாளைக்குப் போன மேட்ச். கதை எல்லாருக்கும் தெரியும். நான் வடசேரியில ஏறி குளச்சல் பஸ்ல, கையில செல்லுல ஹாட்ஸ்டார் ஆப். அந்த மேட்ச்ல ஒரே நேரத்துல 2.53 கோடி பேர் பாத்தாங்கன்னு பிறகுதான் படிச்சேன்.

திங்கள்நகர்ல பஸ் நிக்குது. தோனி பெர்குசனை ஒரு சிக்ஸ் அடிச்சாச்சு. கொஞ்ச நேரத்துல சாயாக்கடை டிவி பக்கமிருந்து பெரிய சத்தம். எனக்கு செல்லுல அந்தப் பந்து இன்னும் வரல. நெட்ல எப்பவும் பிந்திதானே வரும். முன்சீட்டு தாத்தா திரும்பி, "என்ன மக்கா, சிக்ஸா?"ன்னாரு. அது சிக்ஸுக்கு வர்ற சத்தம் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் "ஆமா தாத்தா"ன்னுட்டேன். அவர் சிரிச்ச சிரிப்பு! அரை நிமிஷத்துல நியூசிலாந்து கப்தில் எறிஞ்சது செல்லுல வந்துது. தோனி நூலிழையில ரன் அவுட். தாத்தா என் முகத்தையே பாத்துட்டு இருந்தாரு. ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னும் தெரியல.

களியக்காவிளை மருமகள்
எல்லாரும் கிரிக்கெட்டையே சொல்லுறீங்க. எங்க வீட்டுல அது அம்மச்சியோட பெட்டி. கேரளா பாறசாலையில பிறந்து இங்க கட்டிக்கிட்டு வந்தவங்க. ஏசியாநெட் சீரியலும் வேணும், விஜய் டிவியும் வேணும். ரெண்டும் ஸ்டார் குடும்பத்துச் சேனல்ங்கிறதால ஒரே இடத்துல கிடைச்சுது. ராத்திரி விட்டதை காலையில கிணத்தடியில உக்காந்து பாப்பாங்க. மலையாளத்துல அழுதுட்டு தமிழ்ல சிரிப்பாங்க. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கும் செல்லை என் கையில குடுத்து, "நாளைக்கு வச்சுத் தா மோளே"ன்னாங்க. அந்த எபிசோடை நான் இதுவரை திறக்கல. இப்போ ஹாட்ஸ்டாரை மூடியும் ஆச்சு.

தக்கலை அண்ணன்
மூடலம்மா, அதைச் சரியாச் சொல்லணும். 2015 பிப்ரவரியில ஹாட்ஸ்டார் வந்துது. 2020 ஏப்ரல்ல டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் ஆச்சு. 2023ல ஐபிஎல்லை ஜியோசினிமா இலவசமாக் காட்டவும் கூட்டம் அங்க போச்சு. அதே வருஷம் உலகக்கோப்பையை ஹாட்ஸ்டார் மொபைல்ல இலவசமா விட்டாங்க. ஃபைனல்ல ஒரே நேரத்துல 5.9 கோடி பேர். முட்டம் கடற்கரையில நானும் அதுல ஒருத்தன். ஆஸ்திரேலியா ஹெட் அடிக்க அடிக்க எங்க பக்கத்துல ஒவ்வொருத்தரா எழும்பிப் போனாங்க. 2025 பிப்ரவரி 14ல ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் சேந்து ஜியோஹாட்ஸ்டார். பழைய பேருதான் போச்சு.

எல்லாரும் ஒரு காரியம் பாருங்க. ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது. ஜிபே, போன்பேல ஆட்டோபே பகுதியில போய் நிறுத்தணும். பிளே ஸ்டோர் வழியா எடுத்திருந்தா அங்கதான் நிறுத்தணும். வெளிநாட்டுல இருக்க பிள்ளைங்க வீட்டுக்கு எடுத்துக் குடுத்திருந்தா எந்த நம்பர்ல எடுத்தாங்கன்னு கேட்டு எழுதி வைங்க. ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். அப்பா அம்மாவுக்கு அவங்க நம்பர்லயே எடுங்க. கடைக்காரர்கிட்ட செல்லைக் குடுத்து எடுக்கச் சொல்லாதீங்க.

களியக்காவிளை மருமகள்
அண்ணே, நான் சந்தாவைப் பத்திக் கேக்கலியே.

குளச்சல் தம்பி, அந்தத் தாத்தா பிறகு ஏதாவது சொன்னாரா?

குளச்சல்காரன்
ரீத்தாபுரத்துல இறங்கினாரு அக்கா. படியில நின்னு, "ஜடேஜா நல்லா ஆடினான் மக்கா"ன்னாரு. அவ்வளவுதான்.