220 வோல்ட் ஆம்ப்ளிஃபயர், பிளக்கில் 243: ஓட்டலாமா?

வால்வுப்பித்தன்:
வணக்கம். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, அவுட்புட்டில் நான்கு ஈஎல்84 வால்வுகள். பின்பக்கம் 220 வோல்ட் என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது, வீட்டு பிளக்கிலோ 243. பாட்டு அருமை, ஆனால் ஒரு மணி நேரத்தில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வைக்க முடியவில்லை, லேசாக உறுமவும் செய்கிறது. வால்வைச் சூடாக்கும் ஹீட்டரில் அளந்தால் 6.9 வோல்ட். இப்படியே விடலாமா?

பழையரேடியோ:
விடாதீர்கள். ஹீட்டருக்கு 6.3தான் கணக்கு, நீங்கள் பத்து சதவீத விளிம்பில் நிற்கிறீர்கள், வால்வின் ஆயுள் அங்கேயே குறையும். இன்புட் ஏறினால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு கோர் சாச்சுரேஷனை, அதாவது அதற்குமேல் காந்தம் ஏற்க முடியாத நிலையை நெருங்கும், அந்தச் சூடும் உறுமலும் அதனால்தான் இருக்க வேண்டும். வால்வின் பிளேட்டுக்குப் போகும் உயர் டிசியான ஹெச்டி வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறியிருக்கும், 300 இருந்த இடத்தில் 330. ஈஎல்84-இன் பிளேட் தாங்குவது 12 வாட், பழைய செட்டுகளில் பலவற்றை அந்த எல்லையை ஒட்டியேதான் ஓட்டியிருப்பார்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர்களை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு அடியில் பாருங்கள், டிரான்ஸ்ஃபார்மரில் 240 வோல்ட்டுக்கான தனி முனை (டேப்) இணைக்காமல் சும்மா கிடக்கலாம்.

சாலிடர்புகை:
கண்டென்சரில் என்ன வோல்ட் போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வாக இல்லாமல் டயோடாக இருந்தால், ஆன் செய்த முதல் சில விநாடிகள் வால்வு சூடாகாமல் கரண்ட்டே இழுக்காது, அப்போது ஹெச்டி எகிறும். சூடான பிறகு அளந்துவிட்டு 'சரியாகத்தானே இருக்கிறது' என்று ஏமாந்தவன் நான்.

வால்வுப்பித்தன்:
வேறு டேப் இல்லை. கண்டென்சர் 350 வோல்ட், ரெக்டிஃபயர் டயோடுதான். மெயின்ஸில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதுமா?

பழையரேடியோ:
வேண்டாம், இழுக்கும் கரண்ட்டைப் பொறுத்து அதன் டிராப் மாறும், வெட்டியாகச் சூடும் ஆகும். மெயின்ஸிலிருந்து கொஞ்சம் வோல்ட்டைக் கழிக்கும் பக்கிங் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். சாதாரண 18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (இன்புட் சுருள்) மெயின்ஸுக்கு, செகண்டரி (அவுட்புட் சுருள்) ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் லைனில் சீரிஸாக, எதிர் ஃபேஸில். 100 வாட் செட் என்றால் அரை ஆம்பியர்கூட ஓடாது, 1 ஆம்பியர் தாராளம். செகண்டரியிலும் மெயின்ஸ் ஏறி நிற்கும், ஃபியூஸோடு பெட்டிக்குள் அடைத்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரை மாட்டுமுன் மீட்டரால் பாருங்கள், மாறிப்போனால் குறையாமல் கூடும்!

வால்வுப்பித்தன்:
நல்லவேளை சொன்னீர்கள், முதல் தடவை 261 காட்டியது. செகண்டரி முனைகளை மாற்றினேன், இப்போது 224, ஹீட்டர் 6.36. உறுமல் அடங்கிவிட்டது. கண்டென்சர்களையும் 450 வோல்ட்டுக்கு மாற்றப்போகிறேன்.