பி.இ. படித்துவிட்டு ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போகலாமா?

பொள்ளாச்சி_பையன்

எல்லோருக்கும் வணக்கம். வயது 27, சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் ஐந்து வருடமாக வேலை. ஆஸ்திரேலியாவில் 462 என்று ஒரு விசா இருக்கிறது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் ஒரு வருடம் அங்கே ஊர் சுற்றலாம், செலவுக்கு எந்த வேலை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இந்தியர்களுக்கு 2024இல்தான் திறந்தார்கள், வருடத்துக்கு 1000 பேர், குலுக்கல் முறை. முதல் தடவை இரண்டே வாரத்தில் சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்தார்களாம். இந்த முறை என் பெயர் விழுந்துவிட்டது.

ஒரு வருடத்துக்கு மேல் இருக்க வேண்டுமென்றால் மூன்று மாதம் நகரத்துக்கு வெளியே தோட்டம், பண்ணை, கட்டுமானம் என்று அவர்கள் சொல்லும் வேலை ஒன்றைச் செய்தாக வேண்டும். எனக்கு அதில் ஆசைதான், ஐந்து வருடமாகத் திரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வீட்டில் சொன்னேன். அப்பா இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள், "நம்ம தோப்பில் தேங்காய் உரிக்க பீகாரிலிருந்து பையன்கள் வருகிறார்கள். உன்னை இந்த வேலைக்கு வரக்கூடாது என்றுதான் கடன் வாங்கிப் படிக்க வைத்தேன். நீ கடல் தாண்டிப் போய் அதையே செய்கிறேன் என்கிறாய்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வரவுசெலவு

உங்கள் அப்பா சொல்வது சரி, தம்பி. நான் கணக்கை மட்டும் வைக்கிறேன்.

2025 ஜூலையில் அங்கே குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 24.95 ஆஸ்திரேலிய டாலர் என்று வைத்தார்கள். தினக்கூலி மாதிரி கேஷுவலாக எடுத்தால் 25 சதவீதம் கூட, 31.19 வரும். வாரம் 38 மணி நேரம் வேலை கிடைத்தால் 1185 டாலர். இந்த விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீத வரி, அது போக 1000 சொச்சம். ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் வண்டிக் காசு எல்லாம் சேர்த்து 400 என்று வையுங்கள். மிச்சம் 600. ரூபாயில் பெருக்கினால் பெரிதாகத் தெரியும். ஆனால் மழை பெய்தால் வேலை இல்லை, பழம் பழுக்காவிட்டால் வேலை இல்லை, அடுத்த ஊருக்கு மாறும்போது இரண்டு வாரம் வேலை இல்லை. முதலாளி கட்டும் ஓய்வூதியப் பணத்தை நாட்டை விட்டுக் கிளம்பும்போது எடுக்கலாம், ஆனால் அதில் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். போவதற்கு முன்பே விசாக் கட்டணம், டிக்கெட், கையில் 5000 டாலர் காட்ட வேண்டும்.

இது எல்லாவற்றையும் விட, 27 வயது என்பது டீம் லீட் ஆகும் வயது. திரும்பி வந்து இன்டர்வியூவில் "தக்காளி பறித்தேன்" என்று சொன்னால் எந்த ஹெச்.ஆர். கேட்பார்? பழம் பறித்த அனுபவம் அங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான புள்ளிக் கணக்கிலும் சேராது. மேற்படிப்புக்குப் போங்கள், இல்லையென்றால் கம்பெனி மூலம் போங்கள். இது இரண்டுக்கும் நடுவில் தொங்கும் வழி.

பால்மரம்

நான் மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம். இதே 462இல் 2018இல் போனேன், அப்போது எனக்கு 24 வயது. முதலில் நல்லதைச் சொல்கிறேன், கெட்டதையும் மறைக்க மாட்டேன்.

முதல் நான்கு மாதம் குயின்ஸ்லாந்தில் துல்லி என்ற ஊர், வாழைத் தோட்டம். ஆஸ்திரேலியாவிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் அதுவும் ஒன்று. 1950இல் 7.9 மீட்டர் மழை பெய்ததாம், அதே உயரத்துக்கு ஒரு தங்க நிற ரப்பர் பூட்ஸைச் செய்து ஊருக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 2015இல் அங்கே வாழையில் பனாமா வாடல் நோய் வந்ததால், தோட்டத்துக்குள் காலை வைக்கும் முன் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், ஒவ்வொரு தடவையும். ஆண்களுக்குப் பெரும்பாலும் தார் சுமக்கும் வேலை. ஒருவர் மரத்தைக் கத்தியால் பாதி வெட்டிச் சாய்ப்பார், நீலப் பிளாஸ்டிக் உறை போட்ட தார் மெதுவாக இறங்கி வந்து தோளில் உட்காரும், காம்பை வெட்டிய நொடியில் 50 கிலோ மொத்தமும் உங்கள் மேல்தான். சேற்றில் நடந்து டிரெய்லருக்குக் கொண்டு போக வேண்டும். நான் ஷெட்டில் இருந்தேன். சீப்பு சீப்பாகத் தண்ணீர்த் தொட்டியில் மிதந்து வரும், பொறுக்கிப் பிரித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும், நாள் முழுக்க நின்றபடி. தவளை வரும், சிலந்தி வரும். முதல் வாரம் இரவில் கட்டிலில் ஏற முடியாமல் தரையிலேயே படுத்திருக்கிறேன், கணுக்கால் அப்படி வீங்கியிருந்தது. மூன்றாவது வாரம் வலி போய்விட்டது. மணிக் கூலி, ஒழுங்கான பேஸ்லிப். அந்தப் பணத்தில் டாஸ்மேனியா வரை பார்த்தேன், யாரிடமும் கை நீட்டவில்லை.

அடுத்தது போவன், தக்காளி. அங்கேதான் பட்டேன். ஒரு ஒப்பந்தக்காரர் மூலம் போனோம், வாளிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். செடி தரையோடு இருக்கும், குனிந்தால் நிமிர முடியாது. முதல் நாள் பத்து மணி நேரம் குனிந்து 70 டாலர் சம்பாதித்தேன். அதில் வண்டிக் காசைப் பிடித்தார், ஹாஸ்டலும் அவருக்குத் தெரிந்த ஆளுடையது, ஒரு அறையில் எட்டுப் பேர், வாடகையைக் கூலியிலேயே கழித்துக்கொண்டார்கள். கூட இருந்தவர்கள் வாயைத் திறக்க முடியாது, ஏனென்றால் அவர்களுடைய அடுத்த விசாவுக்கு நாள் கணக்குச் சான்று அந்த ஒப்பந்தக்காரர் கையில்.

எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். லயத்தில், அதாவது தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்து லயத்திலேயே முடிந்த வாழ்க்கை. தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்து, ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கிய கங்காணியைப் பற்றிச் சின்ன வயதில் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். போவனில் அந்த ஹாஸ்டல் வாசலில் நின்றபோது எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. ஒரே ஒரு வித்தியாசம், எனக்குக் கையில் பாஸ்போர்ட் இருந்தது, பேருந்துக்குக் காசு இருந்தது. பன்னிரண்டாம் நாள் கிளம்பிவிட்டேன்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் போகச் சொல்கிறேன். தெரிந்துகொண்டு போங்கள்.

மணப்பாறை_அம்மா

என் மகனுக்கும் இந்த ஆசை இருப்பதால் படித்தேன். ஒரு அறையில் எட்டுப் பேர் என்று அந்தப் பெண் எழுதியதைப் படித்ததும் வயிற்றைப் பிசைகிறது. சில்டர்ஸ் என்ற ஊரைப் பற்றி யாராவது அந்தப் பையனுக்குச் சொன்னீர்களா? குயின்ஸ்லாந்துதான். 2000 ஜூன் 23, பழம் பறிக்க வந்த பிள்ளைகள் தங்கியிருந்த பழைய மரக் கட்டடத்தில் தீப்பிடித்து 15 பேர் செத்துப்போனார்கள். வேலை செய்கிற புகை எச்சரிக்கைக் கருவி இல்லை, ஓர் அறையில் ஜன்னலுக்குக் கம்பி, வெளியே போகும் கதவை மறித்துக் கட்டில். எல்லாம் இவர்கள் வயதுப் பிள்ளைகள். அதற்கப்புறம் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள் என்பது தெரியும். ஆனால் சட்டம் இருக்கிறதா என்பதல்ல என் கேள்வி, என் பிள்ளை படுக்கிற அறையில் இருக்கிறதா என்பதுதான்.

பொள்ளாச்சி_பையன்

அம்மா, இது எனக்குத் தெரியாது. எங்கே தங்கினாலும் முதலில் வெளியேறும் வழியைப் பார்ப்பேன், சத்தியமாக. பால்மரம் அக்கா, பீஸ் ரேட் இன்னும் அப்படித்தான் இருக்கிறதா?

பால்மரம்

மாறிவிட்டது தம்பி. 2022 ஏப்ரல் 28இலிருந்து தோட்ட வேலையில் வாளிக் கணக்கு, பெட்டிக் கணக்கு எதுவாக இருந்தாலும் மணிக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது. நீ எத்தனை மணி நேரம் வேலை செய்தாய் என்று முதலாளி எழுதி வைக்க வேண்டும். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. கொடுக்காவிட்டால் ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மேன் என்று கூலிப் புகார்களை விசாரிக்கும் அரசு அலுவலகம் இருக்கிறது, அங்கே புகார் செய்யலாம். வரி எண் வாங்காமல், கையில் காசு தருகிறேன் என்பவனிடம் போகாதே. பேஸ்லிப் இல்லாத நாள் விசாவுக்கு நாளே கிடையாது என்று நினைத்துக்கொள். சம்பளம் இல்லாமல் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் வேலை பார்த்தால் அது 2015 கடைசியிலிருந்தே கணக்கில் வராது.

வரவுசெலவு

நீங்களே சொல்லிவிட்டீர்கள், சான்று முதலாளி கையில் இருக்கும்வரை சட்டம் காகிதத்தில்தான். இன்னொன்றும் சொல்கிறேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கு 2024 ஜூலை முதல் இந்தத் தோட்ட வேலை நிபந்தனையே கிடையாது. அவர்கள் மூன்று வருடமும் சிட்னி கடற்கரையில் காபி போட்டுக்கொண்டே இருக்கலாம், 35 வயது வரை விண்ணப்பிக்கலாம். நம் பையன் மட்டும் தக்காளிக் காட்டில் குனிந்து நாளை எண்ண வேண்டும். 1975இல் பிரிட்டன், அயர்லாந்து, கனடா பிள்ளைகளுக்காக "விடுமுறை" என்று ஆரம்பித்தது, இப்போது நமக்கு வரும்போது ஆள் பற்றாக்குறைக்கு ஆள் பிடிப்பதாக ஆகிவிட்டது. இதில் நாம் பெருமைப்பட என்ன இருக்கிறது?

பால்மரம்

அது அநியாயம்தான், மறுக்கவில்லை ஐயா. ஆனால் முதல் வருடத்துக்கு அவனுக்கும் கட்டாயம் எதுவும் இல்லையே. பிடிக்காவிட்டால் மெல்பர்னில் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வரட்டும். சாஃப்ட்வேர் வேலை கிடைத்தால் அதையும் செய்யலாம், ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதம் என்ற வரம்பு மட்டும்தான்.

சின்னமனூர்க்காரன்

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் எழுதக்கூடாது என்று காத்திருந்து எழுதுகிறேன்.

எங்கள் அப்பா முப்பது வருடமாக வாழைத்தார் சுமக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கில் ஜி9 வாழைதான் இப்போது அதிகம். அது கேவண்டிஷ் இனம், துல்லியில் விளைவதும் கேவண்டிஷ்தான். அதே பழம், அதே கறை, அதே தோள். அப்பாவின் வலது தோளில் ஒரு கொழுக்கட்டை அளவுக்குத் தசை தடித்துப் போயிருக்கும், சின்ன வயதில் அதை அமுக்கி விளையாடுவேன். ராத்திரி லாரி வந்தால் ராத்திரி போக வேண்டும். கல்யாண வீட்டுக்கு அப்பாவோடு போனால், "என்ன பண்றாரு?" என்று கேட்பவரிடம் "லோடு ஏத்துறாரு" என்று சொன்னதும் அவர் கண் வேறு பக்கம் திரும்பும். அந்தத் திரும்பலை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

இப்போது பி.இ. படித்த பையன் விமானம் ஏறிப் போய் மூன்று மாதம் தார் சுமந்தால் அது அனுபவம், போட்டோ போட்டால் ஆயிரம் பேர் கைதட்டுவார்கள். போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் பால்மரம் அக்கா சொன்னாரே, பன்னிரண்டாம் நாள் கிளம்பினேன் என்று. அந்தப் பன்னிரண்டாம் நாள் எங்கள் அப்பாவுக்கு வரவே இல்லை. உடம்பு வேலையின் கஷ்டம் பாரத்தில் இல்லை, நாளைக்கும் இதுதான் என்பதில் இருக்கிறது. அதை மூன்று மாதத்தில் தெரிந்துகொள்ள முடியாது. வரவுசெலவு ஐயாவிடமும் ஒன்று கேட்கிறேன், "தக்காளி பறித்தேன் என்றால் யார் கேட்பார்" என்று எழுதினீர்கள். தக்காளி பறிப்பவர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள்?

வரவுசெலவு

அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது, தம்பி. மன்னிக்கவும். நான் சந்தையின் பார்வையைச் சொன்னேன், ஆனால் என் பார்வையும் அதில் இருந்திருக்கிறது. போவது நஷ்டம் என்ற கருத்தில் மாற்றம் இல்லை.

பால்மரம்

சின்னமனூர் தம்பி, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். திரும்பி வந்த பிறகுதான் பாட்டியிடம் கேள்வி கேட்கத் தெரிந்தது எனக்கு. காலை எத்தனை மணிக்கு எழுந்தீங்க, மழையில் பால் வீணாகிப் போனால் கூலி தருவாங்களா, குழந்தையை யார் பார்த்துக்கிட்டாங்க. அதற்கு முன்னால் 24 வருடம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்டதில்லை. பாட்டி 2021இல் போய்விட்டார். அந்த ஒன்றரை வருடப் பேச்சு எனக்கு மிஞ்சியிருக்கிறது.

பொள்ளாச்சி_பையன்

சின்னமனூர் அண்ணா, உங்கள் பதிவை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் கழித்து தோப்புக்குப் போய்விட்டார். எங்கள் தோப்பில் வேலை செய்யும் பையன்களில் இரண்டு பேர் பெயர்தான் எனக்குத் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆறு பேர் இருக்கிறார்கள். இப்போதும் போக வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் என் உடம்பு தாங்குமா என்றே எனக்குத் தெரியாது, முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

சின்னமனூர்க்காரன்

அப்படியென்றால் அடுத்த வாரம் இங்கே வா தம்பி. வியாழக்கிழமை லாரி வருகிறது, அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நாலு நாள் இரு, எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள். மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதுதான் உனக்கும், சும்மா வேலை பார்க்க வேண்டாம். பழைய முழுக்கைச் சட்டை இரண்டு எடுத்து வா, வாழைக்கறை துவைத்தாலும் போகாது.

பொள்ளாச்சி_பையன்

புதன் இரவு பேருந்து ஏறுகிறேன் அண்ணா. பொள்ளாச்சியிலிருந்து வருவதற்குப் பழனி, தேனி வழிதானே?